வட்டாட்சியர் அவர்களுக்கு, மாரியம்மன் திருவிழாவுக்கு முன்பாக ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய வட்டாட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் ஊர் மாரியம்மன் திருவிழாவுக்காக உங்கள் அலுவலகத்தில் சமாதானக் கூட்டம் நடக்கவிருப்பதாகவும், ஊர்த் தரப்பில் ஆறு பேரும் காலனித் தரப்பில் ஆறு பேரும் வர வேண்டும் என்றும் கிராம நிர்வாக அலுவலர் தெரிவித்தார். நீங்கள் தருமபுரிக்குப் புதியவர் என்பதால் சென்ற ஆண்டு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். சாமி ஊர்வலம் காலனித் தெருவுக்குள் வராது என்று முன்கூட்டியே தட்டச்சு செய்த தாளை அப்போதைய அதிகாரி நீட்ட, பன்னிரண்டு ஆண்களும் கையெழுத்திட்டார்கள். அரை மணி நேரத்தில் அமைதி திரும்பிவிட்டதாகக் கோப்பில் ஏறியது. அன்று மாலையே பால் சங்கத்தில், அதுவரை ஒரே வரிசையில் தூக்குவாளியோடு நின்றவர்கள் இரண்டு வரிசையாக நின்றார்கள்.

மகளிர் குழுவின் ஊக்குநராக இதை எழுதுகிறேன். நான் ஊர்த் தெருவில் பிறந்தவள் என்பதையும் மறைக்கவில்லை. இரண்டு தெருக் குழுக்களும் கடன் வாங்க ஒரே நாளில் வங்கிக்குப் போக நேர்ந்தபோதுதான் எங்களுக்குள் பேச்சு தொடங்கியது. திருவிழா வாரத்தில் காலனிக் குழாய்க்குத் தண்ணீர் விடாததே அவர்களுடைய முதல் வருத்தம்; கரகத்தின் மேல் கல் விழுந்ததை யாரும் விசாரிக்கவில்லை என்பது எங்களுடையது. இரண்டுமே அந்தத் தாளில் இல்லை.

2012 நவம்பர் 7 அன்று நம் மாவட்டத்தின் நாயக்கன்கொட்டாய் அருகே நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய குடியிருப்புகளில், சாதி கடந்த ஒரு திருமணத்தைக் காரணம் காட்டி, தலித் மக்களின் இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டுத் தீக்கிரையானதை நீங்கள் அறிவீர்கள். அதற்கு முன்பும் பேச்சு நடந்தது, ஆனால் அது பெண்ணைத் திருப்பி அனுப்பச் சொன்ன பேச்சு. ஆகவே பேச்சு என்ற பெயரில் நடப்பதையெல்லாம் நான் ஆதரிக்கவில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் பதிய வேண்டிய வழக்கைப் பேசித் தீர்த்துக்கொள்ளச் சொல்வது அநியாயம்.

கென்யாவின் வஜீரில் 1990களின் தொடக்கத்தில் சோமாலிக் குலங்களுக்கிடையே கொலைகள் தொடர்ந்தபோது, டேகா இப்ராகிம் அப்தி உள்ளிட்ட சில பெண்கள், எந்தக் குலத்தவரும் சந்தையில் வாங்கவும் விற்கவும் தடையிருக்கக் கூடாது என்பதிலிருந்து தொடங்கினார்கள். பிறகுதான் குல மூத்தவர்கள் பேச உட்கார்ந்தார்கள். 1995 அளவில் அரசு அதிகாரிகளும் அந்த அமைதிக் குழுவில் சேர்ந்தார்கள். அங்கே சந்தை என்றால் இங்கே பால் சங்கம். தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989இல் முதன்முதலாகத் தொடங்கியதே நம் மாவட்டத்தில்தான். அவற்றைக் கடன் கணக்குக்கு மட்டும் கூப்பிடுவது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

உங்கள் கூட்டத்துக்கு முன்பாக, வரும் வெள்ளிக்கிழமை காலை பால் ஊற்றி முடித்ததும், சங்கத் திண்ணையில் இரு தெருப் பெண்களும் உட்காருகிறோம். குழாய்த் தண்ணீரிலிருந்து தொடங்குவதாக முடிவாகியிருக்கிறது. நீங்களும் வரலாம், ஆனால் காவலர்களை அழைத்து வர வேண்டாம், ஜீப்பையும் புளியமரத்தடியிலேயே நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள்.

இப்படிக்கு,
மகளிர் குழு ஊக்குநர்