நர்சரிக்காரர்களுக்கு: பாம்பை விரட்டாத ஒரு செடியைப் பற்றி

நர்சரி நடத்தும் அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும் வணக்கம்.

உங்களிடம் செடி வாங்கியே பழகியவன் எழுதுகிறேன். சண்டைக்கு வரவில்லை. எந்தச் செடிக்கு எவ்வளவு வெயில், எந்த மண்ணில் எவ்வளவு மணல் என்று எனக்குத் தெரிந்ததில் பாதி உங்களிடம் கேட்டுக் கற்றதுதான். ஆனால் ஒரு விஷயத்தைப் பார்த்தும் பார்க்காததுபோல் போக முடியவில்லை. கறுப்புப் பைகளில் சர்ப்பகந்திக் கன்றுகளை அடுக்கி, பக்கத்தில் ‘பாம்பு வராது’ என்று ஓர் அட்டையைச் செருகி வைக்கிறீர்களே, அதுதான்.

பாம்பு வரும். சர்ப்பகந்தி பாம்பை விரட்டும் என்பதற்கு ஆதாரம் ஒன்றும் கிடையாது. பெயரில் சர்ப்பமும் கந்தமும் சேர்ந்திருப்பதால், அதன் வாசனை ஆகாமல் பாம்பு ஓடிவிடும் என்று நம்மவர்கள் பொருள் எடுத்துக்கொண்டார்கள். உங்கள் கன்றையே ஒருமுறை முகர்ந்து பாருங்கள். துளசிக்கு இருக்கும் மணம்கூட இருக்காது. செடிகளுக்கு அறிவியல் பெயர் சூட்டிய லின்னேயஸும் முதலில் இதற்குப் ‘பாம்புக் கட்டை’ என்று பொருள்படும் ஓபியோசைலான் என்ற பெயரைத்தான் வைத்தார். வளைந்து நெளிந்து இறங்கும் வேரைப் பார்த்தால் யாருக்கும் பாம்பு நினைவு வரும், சரி. அதற்காக அதைப் பார்த்துப் பாம்பு பயப்படுமா?

அப்புறம் அந்தக் கீரிக் கதை. பாம்போடு சண்டை போடும் கீரி, நடுவில் ஓடிப்போய் ஒரு பச்சிலையைக் கடித்துவிட்டு வரும் என்று நம் எல்லோருக்கும் சின்ன வயதிலேயே யாராவது சொல்லியிருப்பார்கள். அந்தப் பச்சிலை இதுதான் என்று பல இடங்களில் சொல்வதுண்டு. கீரியைக் காப்பாற்றுவது பச்சிலை அல்ல, அதன் உடம்பு. நாகத்தின் நரம்பு நஞ்சு வழக்கமாகப் போய் ஒட்டும் புரதம் கீரிக்கு வேறு மாதிரி அமைந்திருக்கிறது. அதோடு அதன் வேகமும் சேர்ந்துகொள்கிறது. நமக்கு இரண்டும் இல்லை.

எலி இருக்கும் இடத்துக்குப் பாம்பு வரும். தவளைக்காக வரும், விறகு அடுக்கிலும் செங்கல் குவியலிலும் ஒதுங்க வரும். அடர்ந்து வளர்ந்த சர்ப்பகந்திப் புதருக்கு அடியிலும் சுகமாகப் படுத்திருக்கும். வாசலோரம் நாலு செடி வைத்துவிட்டோம் என்ற தைரியத்தில் ஒருவர் இருட்டில் டார்ச் எடுக்காமல் நடந்தால், அந்த அட்டைதான் அவரை அப்படி நடக்க வைத்தது. அதைவிடப் பெரிய பயம் எனக்கு வேறு. கடித்த பிறகு, ‘வீட்டில்தான் செடி இருக்கிறதே’ என்று வேரை அரைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டால்? நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்து விஷமுறிவு மருந்து இருக்கிறது. அதற்கான நஞ்சை, 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வடநெம்மேலியில் எடுத்துக் கொடுத்துவருகிறது. மருத்துவமனைக்கு எவ்வளவு சீக்கிரம் போகிறோம் என்பதில்தான் உயிர் இருக்கிறது. கண்ணாடி விரியன் கடித்தவருக்கு இரத்த அழுத்தம் சரிந்துபோகக்கூடும். அந்த நேரத்தில் இரத்த அழுத்தத்தை இறக்கும் வேரைப் புகட்டுவதை என்னவென்று சொல்வது!

ஆம், இரத்த அழுத்தம். இந்தச் செடியின் உண்மையான பெருமை அங்கேதான் இருக்கிறது. அதை விட்டுவிட்டுப் பாம்பைப் பிடித்துக்கொண்டீர்களே என்பதுதான் என் வருத்தம்.

பீகார் பக்கம் இந்த வேரைப் ‘பைத்தியத்துக்கு மருந்து’ என்றே சொல்லி வந்தார்கள். 1931-இல் கல்கத்தாவைச் சேர்ந்த கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் இருவரும், மனநோய்க்கும் உயர் இரத்த அழுத்தத்துக்கும் இது பயன்படுகிறது என்று மருத்துவ இதழில் எழுதினார்கள். அதே சமயத்தில் டெல்லியில் சலீமுஸ்ஸமான் சித்திகி இந்த வேரிலிருந்து வேதிப்பொருள்களைப் பிரித்தெடுத்து, அவற்றில் ஒன்றுக்குத் தன்னை ஆதரித்த ஹக்கீம் அஜ்மல் கான் நினைவாக அஜ்மலின் என்று பெயர் வைத்தார். ஒரு யுனானி மருத்துவரின் பெயர் இன்றும் இதய மருத்துவத்தில் புழங்குகிறது. புருகாடா என்ற இதயத்துடிப்புக் கோளாறு இருக்கிறதா என்று கண்டறிய அஜ்மலின் செலுத்திப் பார்க்கும் சோதனை உண்டு.

1949-இல் பம்பாயின் ருஸ்தம் ஜல் வக்கீல், உயர் இரத்த அழுத்தம் உள்ள 50 நோயாளிகளுக்குச் சர்ப்பகந்தியைக் கொடுத்துப் பார்த்ததைப் பிரிட்டிஷ் இதய இதழில் வெளியிட்டார். அதன் பிறகுதான் மேல்நாடுகள் கண் திறந்தன. 1952-இல் ஸ்விட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தார் இந்த வேரிலிருந்து ரிசர்பின் என்ற பொருளைத் தனியே பிரித்தார்கள். சில ஆண்டுகளில் அது உலகமெங்கும் மாத்திரையானது. ரிசர்பின் கொடுத்த முயல்கள் அசையாமல் கிடந்ததையும், உடலில் டோபமினாக மாறும் எல்-டோபா கொடுத்ததும் எழுந்து நடமாடியதையும் வைத்து, டோபமின் என்ற வேதிப்பொருளுக்கு மூளையில் தனி வேலை இருக்கிறது என்று ஸ்வீடனின் ஆர்விட் கார்ல்சன் காட்டினார். பார்க்கின்சன் நோய்க்கு மருந்து கிடைத்த வழி அது. 2000-இல் அவருக்கு நோபல் பரிசும் வந்தது. உங்கள் கறுப்புப் பையில் வளர்வது அந்த வரலாறு.

இவ்வளவுக்கும் சர்ப்பகந்தியின் பேரினத்துக்கு ரவுவோல்ஃபியா என்ற பெயர், 16ஆம் நூற்றாண்டு ஜெர்மன் மருத்துவர் லியோன்ஹார்ட் ரவுவோல்ஃபின் நினைவாக வைத்தது. அவர் சிரியா, ஈராக் பக்கம் சுற்றி, அலெப்போவில் காபி குடிப்பதைப் பற்றி எழுதியவர். இந்தியாவுக்கு வந்ததே இல்லை.

இனி கொஞ்சம் சொந்தக் கதை. சர்ப்பகந்தி என்று சொல்லி எனக்கு விற்கப்பட்ட கன்று பூத்துக் காய்த்த பிறகுதான் அது வேறு இனம் என்று தெரிந்தது. ஒவ்வொரு கணுவிலும் நாலு இலை, ஒன்றுக்கொன்று அளவே பொருந்தாமல். துளித்துளியாக வெள்ளைப் பூ, சிவந்து பிறகு கறுக்கும் பழம். அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்து நம் ஊர்களில் தானாகவே முளைத்துக் கிடக்கும் ரவுவோல்ஃபியா டெட்ராஃபில்லா அது. பெயருக்கே ‘நாலிலை’ என்றுதான் பொருள். சர்ப்பகந்தியான செர்பென்டினாவுக்குப் பெரும்பாலும் மூன்று இலை வட்டம். பூங்கொத்தின் காம்பு நல்ல சிவப்பாக இருக்கும், பூவின் குழல் நீளமாக இருக்கும். விற்றவர் ஏமாற்றினார் என்று நான் நினைக்கவில்லை. அவருக்கும் யாரோ அப்படிச் சொல்லித்தான் கொடுத்திருப்பார்கள். ஆனால் மருந்து வேர் வியாபாரத்தில் ஒன்றுக்கு ஒன்று கலப்படம் ஆவதால், கன்று நிலையிலேயே பெயர் சரியாக இருப்பது முக்கியம். நீங்கள் நினைத்தால் முடியும். மூன்று இலையா நாலு இலையா என்று முதலில் எண்ணுங்கள், சந்தேகம் வந்தால் பூக்கும்வரை பொறுங்கள்.

கன்று எங்கிருந்து வருகிறது என்பதும் உங்கள் கையில்தான். மருந்து பெரும்பாலும் வேரில் இருப்பதால், காட்டில் ஒரு செடியை அறுவடை செய்வது என்றால் அதைப் பிடுங்குவதுதான். இப்படிப் பிடுங்கியே குறைந்துபோனதால், 1990 முதல் சர்ப்பகந்தி, அழியும் அபாயத்தில் உள்ள உயிரினங்களின் உலக வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. விதை சரியாக முளைக்காது என்பது உங்களுக்கே தெரியும். வேர்த்துண்டிலும் தண்டுத்துண்டிலும் வளர்த்த கன்றுகளை விற்றால், நீங்கள் செய்வது பெரிய வேலை. காட்டுச் செடியைப் பைக்கு மாற்றி விற்றால், கதை வேறு.

வாங்குகிறவர் ‘பிரஷருக்கு நல்லதாமே’ என்று கேட்பார். தயவுசெய்து தலையாட்டாதீர்கள். ரிசர்பின் மாத்திரையே ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கு, கால் பங்கு என்ற அளவில் கொடுக்கப்பட்டது. அந்த அளவிலேயே மூக்கடைப்பு, மந்தம் எல்லாம் வரும். மனச்சோர்வு உள்ளவர்களுக்கு அதைக் கொடுக்கவே கூடாது என்பது பழைய எச்சரிக்கை. ஒரு வேரில் எவ்வளவு இருக்கிறது என்று அம்மிக்கு எப்படித் தெரியும்? குழந்தைகள் பழத்தைப் பறித்து வாயில் போடாமல் பார்க்கச் சொல்லுங்கள்.

எல்லாம் சொல்லிவிட்டு வியாபாரத்தைக் கெடுத்துவிட்டுப் போகிறேன் என்று நினைக்க வேண்டாம். புது அட்டை எழுத இடம் குறைவு என்றால் இவ்வளவு போதும்: “சர்ப்பகந்தி. உலகுக்கு ரிசர்பின் தந்த செடி. பாதி நிழல் போதும், தண்ணீர் தேங்கக் கூடாது. வேரைத் தின்னாதீர்கள்.” நித்தியகல்யாணியும் இதற்கு ஒன்றுவிட்ட சொந்தம்தான், புற்றுநோய் மருந்து தந்த செடி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், யாராவது நின்று விசாரிப்பார்கள்.

என் நாலிலைச் செடியைத் திருப்பித் தரப்போவதில்லை. ஆனால் மூன்று இலைக்காரன் வந்தால் ஒரு கன்று எனக்காக எடுத்து வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் வாடிக்கையாளன்