இந்த ஞாயிறு கேட்கப்போகும் ஆல்பம்: கிரீன் டேயின் 'டூக்கி'

வணக்கம் நண்பர்களே. அடுத்து எந்த வகை இசை என்ற வாக்கெடுப்பில் பாப் பங்க் (பங்க் ராக்கின் வேகத்தில் பாப் மெட்டு) ஜெயித்துவிட்டது, எனவே ஞாயிறு இரவு 9 மணிக்கு அமெரிக்கக் குழு கிரீன் டேயின் 'டூக்கி'. மொத்தம் சுமார் 39 நிமிடம்தான், சாப்பாட்டை முடித்துவிட்டு வாருங்கள். (தலைப்புக்கு அர்த்தம் கேட்பவர்களுக்கு: மலத்தைக் குறிக்கும் குழந்தைத்தனமான கொச்சைச் சொல். சாப்பாட்டை முடிக்கச் சொன்னது அதற்கும்தான்.)

முன்கதை கொஞ்சம். கலிபோர்னியாவின் பெர்க்லியில், கில்மன் தெரு 924-ஆம் எண் அரங்கில் வாசித்து வளர்ந்தவர்கள் இவர்கள். பெரிய இசைத்தட்டு கம்பெனியோடு ஒப்பந்தம் போட்ட குழுவுக்கு அப்போது அங்கே மேடை கிடையாது. ரிப்ரைஸ் என்ற அப்படியொரு கம்பெனியில் கையெழுத்துப் போட்டதும் இவர்களுக்கும் கதவு சாத்தப்பட்டது. விலைபோய்விட்டார்கள் என்று சொந்த ஊர்க்காரர்களே திட்டினார்கள். பதிவு நடந்ததும் அதே பெர்க்லியில்தான், 1993-இல், ஃபேன்டசி ஸ்டுடியோவில், ராப் கவல்லோ தயாரிப்பில். முதல் மிக்ஸ் (பதிவான ஒலிகளைச் சேர்த்துக் கலப்பது) பிடிக்கவில்லை என்று மறுபடி மிக்ஸ் செய்ய வைத்தார்கள். அந்தப் பிடிவாதத்தால்தான் கிதார் இவ்வளவு தெளிவாக அறைகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

1994 பிப்ரவரி 1-இல் வெளியானது. ஆகஸ்டில் உட்ஸ்டாக் இசை விழா மேடையில் ரசிகர்களோடு சேற்றை வாரி அடித்துக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு கிராமி. அமெரிக்காவில் மட்டும் 1 கோடிப் பிரதிகளைத் தாண்டியது.

ஹெட்போன் அவசியம், மைக் டர்ன்ட் வாசிக்கும் பேஸ் கிதார் போன் ஸ்பீக்கரில் காணாமல் போகும். அப்புறம், கடைசிப் பாட்டு முடிந்ததும் அணைத்துவிடாதீர்கள். கொஞ்ச நேர மௌனத்துக்குப் பிறகு டிரம்மர் ட்ரே கூல் பாடும் ஒரு குறும்புப் பாட்டு ஒளிந்திருக்கிறது.

வருபவர்கள் சனிக்கிழமைக்குள் கட்டைவிரலைத் தட்டிவிடுங்கள்.