சாவதெல்லாம் சாரைதான்

ஆசிரியருக்கு,

அறுவடை முடிந்து வைக்கோல் போர் போட்டதும் எங்கள் பக்கம் பாம்படி தொடங்கிவிடுகிறது. சாவது பெரும்பாலும் சாரை. விஷமே இல்லாத, வயல் எலிகளைத் தின்கிற பாம்பு! சுவரேறிப் பல்லி பிடிக்கும், விஷமற்ற வெள்ளிக்கோல் வரையன் பாம்பையும் கொடிய விஷமுள்ள கட்டுவிரியன் என்று நசுக்குகிறார்கள். வரையனுக்குப் பட்டைகள் கழுத்திலேயே தொடங்கி வால் பக்கம் மங்கும். கட்டுவிரியனுக்குக் கழுத்தருகே இராது, வால்வரை தெளிவாக இருக்கும். அதற்காகக் குனிந்து பார்க்க வேண்டாம், விலகி நின்றாலே போதும்.

கட்டுவிரியன் இரவில், தரையில் தூங்குபவரைக் கடிக்கும். வலி, வீக்கம் அதிகம் தெரியாது. விடிந்து இமை தூக்க முடியாதபோதுதான் பதற்றம். கட்டிலும், ஓரம் செருகிய கொசுவலையும் பெருமளவு காக்கும்.

பாம்புக்கடி பற்றி மருத்துவமனைகள் அரசுக்குக் கட்டாயம் தகவல் தரவேண்டும் என 2024 நவம்பரில் தமிழக அரசு அறிவித்தது நல்லதே. கூடவே, ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரவிலும் விஷமுறிவு மருந்தும், அதைப் போடத் தெரிந்தவரும் இருக்க வேண்டும். அம்மருந்துக்கு விஷம் எடுத்துத் தரும் இருளர் கூட்டுறவுச் சங்கம் 1978இல் தொடங்கியது. அந்தச் சமூக இளைஞர்களை, பாம்பு பிடிக்க ஊராட்சிகள் சம்பளத்துக்கு அமர்த்தலாமே?

– ஒரு விவசாயி, செங்கல்பட்டு மாவட்டம்