மாப்ள, அந்த 109வது சட்டம்

மாப்ள,

எப்படி இருக்கன்னு கேக்கப் போறதில்ல, கேட்டாலும் பதில் போட மாட்ட. நேத்தோட மூணு வருஷம் ஆச்சு. நேத்துதான் பழைய காலத்துச் சாப்பாட்டுக்கடை, மதுக்கடை பத்தி நாம சேந்து எழுதிட்டிருந்த ஃபைலைத் திறந்தேன், முடிச்சிடலாம்னு முடிவு பண்ணிட்டேன், தனியாவே.

முதல் வேலையா உன் புலான்ஷே கதையைத் தூக்கிட்டேன். திட்டிக்கோ. 1765ல பாரிஸ்ல ஒருத்தர் ஆட்டுக்கால் கறி வித்தார், சமையல்காரங்க சங்கம் கேஸ் போட்டுச்சு, அவர் ஜெயிச்சாரு, ரெஸ்டாரன்ட் பொறந்துச்சுன்னு பாக்கறவன்கிட்ட எல்லாம் சொல்லுவியே, அப்படி ஒரு கேஸ் நடந்ததுக்கு அந்தக் காலத்து ஆதாரமே கிடைக்கலடா, ரெபெக்கா ஸ்பாங்னு ஒரு வரலாற்று ஆய்வாளர் தேடிப் பாத்து எழுதியே பல வருஷம் ஆச்சு. ரெஸ்டாரன்ட்டுங்கறது முதல்ல உடம்பைத் தேத்துற ஒரு சூப்போட பேரு, கடைக்கு அந்தப் பேரு அப்புறம்தான் ஒட்டுச்சு. இது மட்டும் போதாதா? உனக்குப் போதாது. உனக்குக் கதை ஜோரா இருக்கணும், அது நிஜமான்னு நோண்டுற வேலை எப்பவும் என் தலையில.

சரி விடு.

அந்த ராத்திரியைத்தான் எழுத உக்காந்தேன். நீ பாபிலோன் ராஜா ஹமுராபியோட சட்டத்தை வாசிக்க, நான் டைப் பண்ணிட்டிருந்தேன். மதுக்கடை நடத்துறவ தானியத்தை வாங்க மாட்டேன்னுட்டு வெள்ளிதான் வேணும்னு கேட்டு அளவுலயும் ஏமாத்தினா தண்ணில தூக்கிப் போடு, இது 108. கடனுக்குக் குடுத்தா அறுவடை வந்ததும் தானியமா வாங்கிக்கலாம், இது 111. "கி.மு. 1750லயே அக்கவுண்ட் வச்சுக் குடிச்சிருக்கானுங்கடா"ன்னு விழுந்து விழுந்து சிரிச்ச. நடுவுல விட்டுப்போன 109க்குத் திரும்பி வந்தோம். சதிகாரங்க அவ கடையில கூடிப் பேசி, அவ பிடிச்சு அரண்மனைக்குக் கொண்டுபோகலன்னா, அவளுக்கு மரண தண்டனை. சிரிப்பு நின்னுடுச்சு. "பாவம்டா, சொன்னா நாளைக்கு ஒருத்தனும் கடைக்கு வரமாட்டான், சொல்லலன்னா தலை போகும்"னு சொல்லிட்டு ரொம்ப நேரம் ஸ்க்ரீனையே பாத்துட்டிருந்த. அப்புறம்தான் அந்த விஷயத்தைச் சொன்ன.

என்ன விஷயம்னு இங்க எழுத மாட்டேன். நம்ம ஆளுங்க நாலு பேர் இதைப் படிக்கிறாங்க, படிச்சிட்டு எனக்கு போன் வேற போடுவாங்க, அவங்களுக்கும் சேத்துதான் சொல்றேன், கேக்காதீங்க.

நாலாவது நாள் உங்க வீட்ல சொல்லிட்டேன். தப்புதான் மாப்ள, மன்னிச்சிடு. ஆனா சொல்லாம இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு நீயே ஒரு தடவை யோசிச்சுப் பாரு, இல்ல யோசிக்க வேண்டாம், நான் யோசிச்சதே போதும். எனக்கு என்ன மரண தண்டனையா குடுத்தாங்க, பயந்துட்டேன், அவ்வளவுதான். நீயும் நேர்ல வந்து ரெண்டு அறை விட்டிருக்கலாம்ல, பிளாக் பண்ணிட்டுப் போறது என்ன பழக்கம்?

உனக்குத் தெரியுமான்னு தெரியல, 2023ல ஈராக்ல லகாஷ்ங்கற பழங்கால ஊர்ல ஒரு பழைய கடையைத் தோண்டி எடுத்ததா சொன்னாங்க, கிட்டத்தட்ட 4,700 வருஷம், உக்கார பெஞ்சு, அடுப்பு, ஈரத்துல பொருளைக் குளிர்ச்சியா வைக்கிற களிமண் ஃப்ரிட்ஜ், கிண்ணத்துல மீன் மிச்சம் கூட இருந்துச்சாம். படிச்சதும் உன் நம்பரைத்தான் அடிச்சேன். போகல.

109 பத்தி நீ எழுதின மூணு பக்கம் அப்படியே இருக்கு, ஒரு கமா கூட மாத்தல. அதுக்கு மேல உன் பேரைப் போடவா, வேண்டாமா? அதை மட்டும் யார் மூலமாவது சொல்லி அனுப்பு.

புலான்ஷேயைத் திரும்பக் கேக்காத, தர மாட்டேன்.