76 சென்ரிமீற்றர் இரசத்தை மலைக்கு ஏற்றாதீர்கள்

மலைநாட்டில் பௌதிகவியல் ஆசிரியர், ஆய்வாளர் ஒன்றுகூடலை ஏற்பாடு செய்யும் குழுவினருக்கு,

வணக்கம். நிகழ்ச்சி நிரல் அச்சுக்குப் போகுமுன் இது உங்கள் கைக்கு வரவேண்டும் என்று எழுதுகிறோம். விளக்கேற்றல், வரவேற்புரை, தலைமையுரை என்று முற்பகல் கழிந்து, சாப்பாட்டுக்குப் பிறகு ஆளுக்குப் பதினைந்து நிமிடம் திரையில் படம் காட்டிக் கலைவதென்றால் அதற்காக யாரும் ஹட்டனுக்கு ஏறி வரவேண்டியதில்லை. மேசை போட்டு, அடுப்பு மூட்டி, அளந்து பார்க்கிற நாளாக அதை வையுங்கள். உயர்தர வகுப்பில் நாங்கள் சொல்லிக்கொடுக்கும் எண்கள் பல கடல்மட்டத்துக்கு உரியவை. அவற்றை மலையில் அப்படியே போட்டால் என்ன பிழைக்கிறது என்பதே இங்கு கூடுவோருக்கு ஏற்ற விடயம்.

ஒரு முனை மூடி, உள்ளே வளியை இரச (பாதரச) நிரலால் அடைத்த ஒடுங்கிய குழாயை எடுங்கள். கடல்மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் வளிமண்டல அமுக்கம் ஏறத்தாழ 61 செ.மீ. இரசம். இரச நிரல் 10 செ.மீ., கிடையாகப் பிடிக்கும்போது வளி நிரல் 15.0 செ.மீ. என்றால், திறந்த முனை மேலே இருக்க நிமிர்த்தும்போது 12.9, கவிழ்க்கும்போது 17.9 வரும். கடல்மட்ட அமுக்கமான 76 செ.மீ. என்று நினைத்துக் கணிக்கிற பிள்ளை 13.3, 17.3 வரவேண்டும் என்று எதிர்பார்க்கும். அரை சென்ரிமீற்றர் வேறுபாடு மில்லிமீற்றர் கோலிலேயே தெரியும். வராதபோது பிள்ளை செய்வது என்ன? வாசிப்பைத் திருத்தும். அந்த இடத்தில்தான் செய்முறை செத்துப்போகிறது. 76ஐ மறந்துவிட்டு, நிமிர்த்திய, கவிழ்த்த நீளங்களின் கூட்டுத்தொகையை அவற்றின் வித்தியாசத்தால் வகுத்து, இரச நிரலின் நீளத்தால் பெருக்கினால் அமுக்கமே கிடைத்துவிடும். குழாய்க்குள் ஈரம் இருந்தால் விடை தவறும். முதலில் உலர்ந்த வளியைச் செலுத்த வேண்டும். இரசத்தைத் தட்டின் மேல் வைத்தே கையாளச் சொல்லுங்கள். சிந்தினால் தும்புத்தடியால் கூட்டக்கூடாது.

அமுக்கத்தைக் கைபேசியின் வானிலைத் தகவலில் பார்த்து எழுதும் வழக்கமும் பரவுகிறது. அங்கே 1010 ஹெக்டோபஸ்கல் போல ஓர் எண் இருக்கும். அது கடல்மட்டத்துக்கு மாற்றிய பெறுமானம். நுவரெலியாவில் உண்மையில் இருப்பது 810 அளவில். கைபேசியிலேயே அமுக்க உணரி இருந்தால் அதன் நேரடி வாசிப்பை எடுக்கலாம்.

அதிகம் பேச வேண்டியது பனிக்கட்டி உருகலின் மறைவெப்பம், அதாவது ஒரு கிராம் பனிக்கட்டியை வெப்பநிலை மாறாமல் உருக்கத் தேவையான வெப்பம் பற்றி. கலோரிமானி என்ற உலோகப் பாத்திரத்து நீரில் பனிக்கட்டியைப் போட்டு அதை அளக்கிறோம். அறை வெப்பநிலைக்கு 5 பாகை மேலே தொடங்கி 5 பாகை கீழே முடி என்பது எல்லோருக்கும் மனப்பாடம்; சூழலிலிருந்து பெற்ற வெப்பமும் சூழலுக்கு இழந்த வெப்பமும் சமப்படும் என்பது காரணம். இங்கே அறை 16 பாகை, சாரீரப்பதன் (வளியின் ஈரப்பத அளவு) 90 வீதம் என்று வைத்துக்கொள்வோம். பனிபடுநிலை, அதாவது வளியிலுள்ள நீராவி நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, 14.4 பாகை. 21இல் தொடங்கி 11இல் முடித்தால் கடைசிக் கட்டம் முழுவதும் கலோரிமானியின் வெளிப்புறம் வியர்க்கும். படியும் நீர் 0.1 கிராம்தான் என்றாலும் அது ஒடுங்கும்போது 245 யூல் வரை விடும், 0.7 கிராம் பனிக்கட்டியை உருக்க அது போதும். மேலதிகமாக, கடைசி நிறுப்பில் அந்த 0.1 கிராமும் பனிக்கட்டியின் கணக்கில் சேர்கிறது. 15 கிராம் பனிக்கட்டி போட்ட பரிசோதனையில் கிராமுக்கு 334 யூல் வரவேண்டிய இடத்தில் 315 அளவில் வரும். “பனிக்கட்டியைச் சரியாக ஒற்றி உலர்த்தவில்லை” என்று பிள்ளைதான் ஏச்சு வாங்கும்.

இதற்கு வழி, பனிபடுநிலையை முதலில் அளப்பது. பளபளப்பான கலோரிமானியில் நீர் விட்டு, சிறு பனிக்கட்டித் துண்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் கலக்கி, மங்கல் தோன்றும் வெப்பநிலையையும் மறையும் வெப்பநிலையையும் குறித்துச் சராசரி எடுங்கள். மூச்சு படாதபடி இடையில் கண்ணாடித் தகடு இருக்கட்டும். பிறகு 24இல் தொடங்கி 15இல் நிறுத்துங்கள். சமப்படுத்தல் குலையும் என்பது உண்மை. நேரத்துடன் வெப்பநிலை மாறுவதைக் காட்டும் குளிரல் வளையி வரைந்து திருத்தம் செய்ய வேண்டும். ஒன்றுகூடலில் இரண்டு முறையையும் பக்கத்துப் பக்கத்து மேசைகளில் வையுங்கள்.

கொதிநீராவியின் மறைவெப்பத்தை அளக்கும்போது பிழை ஒளிந்துகொள்ளும். நுவரெலியாவில் நீர் 94 பாகையில் கொதிக்க, 100 என்று போட்டால் கிராமுக்கு 25 யூல் குறையும். வரவேண்டிய 2272 போய் 2247 வரும். புத்தகத்தில் உள்ள 2257க்கு அருகில் என்பதால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

தனி ஊசலால் உயரத்துடன் ஈர்ப்பு ஆர்முடுகல் குறைவதைக் காட்டப்போவதாக யாராவது எழுதினால் அன்போடு மறுத்துவிடுங்கள். 1868 மீற்றருக்குக் குறைவு 0.006 மீ/செ² கூட வராது. ஒரு மீற்றர் நூலை 1 மில்லிமீற்றர் பிழையாக அளந்தாலே 0.01 போய்விடும்.

பதிலாக எல்லோரும் சேர்ந்து கொதிநிலையை அளப்போம். கண்டி 500, பதுளை 680, ஹட்டன் 1270, நுவரெலியா 1868 மீற்றர். 300 மீற்றருக்கு ஏறத்தாழ ஒரு பாகை இறங்கும். ஆய்கூட வெப்பமானியின் பிழையே ஒரு பாகை இருக்கலாம் என்பதால், அறிவித்தல் கடிதத்தோடு இந்த அறிவுறுத்தல்களையும் அனுப்புங்கள்: உருகும் பனிக்கட்டியில் பூச்சியத்தைச் சரிபார்த்து எழுதவும், குமிழை நீருக்குள் அல்ல, நீருக்குச் சற்று மேலே ஆவியில் பிடிக்கவும், நீர் சீராகக் கொதிக்க அதில் ஓட்டுத் துண்டு இரண்டு போடவும். மின்கேத்தல் வேண்டாம், கொதித்தவுடன் அணைந்துவிடும். பல்கலைக்கழகத்திலிருந்து வருவோர் அளவுதிருத்திய வெப்பமானி ஒன்றும் வளிமண்டல அமுக்கம் அளக்கும் பாரமானி ஒன்றும் கொண்டுவந்தால், அவர்களின் உரையைவிட அது எங்களுக்குப் பெரிய உதவி.

மேசைக்கு ஐந்து பேர், முக்கால் மணித்தியாலம். கம்பளம் விரித்த ஹோட்டல் மண்டபம் வேண்டாம். தண்ணீர்க் குழாயும் சீமெந்துத் தரையும் உள்ள பாடசாலை ஆய்கூடம் போதும். மேசைக் குறிப்புகள் தமிழிலும் சிங்களத்திலும் இருக்கட்டும். பத்து மணிக்குத் தொடங்கி மூன்றுக்கு முடியுங்கள்; தோட்டப் பாடசாலைகளுக்குத் திரும்புவோர் பின்னேர பஸ்ஸைத் தவறவிட்டால் அடுத்தது எப்போது என்று உங்களுக்கே தெரியும். பனிக்கட்டிக்கு முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும், பத்துக் கிலோவாவது.

இப்படிக்கு,
மலையகப் பாடசாலைகளின் பௌதிகவியல் ஆசிரியர்கள் சிலர்