தூர் வார்றப்ப குளநெல் இருக்கற மூலைய மட்டும் விட்டுடுங்க: கலெக்டர் அய்யாவுக்கு கோரிக்கை மனு

பெறுநர்: மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்

பொருள்: எங்க ஊர் பெரிய ஏரியோட வடமேற்கு உள்வாய்ல இருக்கற குளநெல்ல காப்பாத்தித் தரச் சொல்லி கேட்பது சம்பந்தமா

அய்யா வணக்கம்,

வர்ற கோடைல எங்க ஏரிய தூர் வாரப் போறதா பஞ்சாயத்துல சொன்னாங்க, ரொம்ப சந்தோஷம், மதகு பக்கம் மண்ணு மேடேறிப் போயி கடைமடைக்கு ஒழுங்கா தண்ணி போயே பல வருஷம் ஆச்சு, அதனால வேலை கண்டிப்பா நடக்கணும். நாங்க கேக்கறது ஒண்ணுதான், ஓடை வந்து ஏரில விழற வடமேற்கு மூலைல சுமார் ரெண்டு ஏக்கர்ல மட்டும் ஜேசிபி இறங்கக் கூடாது. அங்கதான் குளநெல்லு இருக்கு.

குளநெல்லுன்னா யாரும் விதைக்காம தானா வர்ற காட்டு நெல்லு. தூரத்துல பார்த்தா நம்ம பயிர் மாதிரியேதான் தெரியும், கிட்டப் போனா நெல்லு நுனில நீளமா மீசை இருக்கும், உமி கருப்பு, உள்ள செவப்பரிசி. பழுக்கப் பழுக்க கொட்டிடும், அறுத்து களத்துக்கு கொண்டு வரவே முடியாது, அதனால எங்க ஆயா விடியறதுக்கு முன்னாடியே போயி கதிர முறத்துல தட்டித் தட்டி எடுத்துட்டு வரும், ஒரு வேளை கஞ்சிக்கு தேறினா பெருசு. ஆராய்ச்சி பண்றவங்க இத ஒரைசா நிவாரான்னு சொல்றாங்க, நாம சாப்பிடற நெல்லுக்கு ரொம்ப நெருங்கின சொந்தம்.

களைச்செடிக்கு எதுக்கு மனுன்னு எங்க ஊர்லயே கேக்கறாங்க அய்யா, அதுக்காக இத சொல்லணும். 1970 வாக்குல புகையான் பூச்சி பரப்புற புல் குட்டை நோய் ஆசியா நாடுகள்ல நெல்ல அழிச்சுட்டு இருந்தப்ப, பிலிப்பைன்ஸ்ல இருக்கற சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்துல ஆயிரக்கணக்கான ரகத்த வச்சு பார்த்தாங்க, ஒண்ணும் தாக்குப் பிடிக்கல. கடைசில தாங்கி நின்னது உத்தரப் பிரதேசத்துல சேகரிச்ச இதே நிவாரா நெல்லுதான். அதுல இருந்த குணத்த எடுத்துதான் அந்த நிலையத்து நெல் விஞ்ஞானி குர்தேவ் குஷ் குழு ஐஆர் 36 மாதிரி ரகங்கள கொண்டு வந்தாங்க, 1976-ல வெளிவந்த அந்த நெல்லு கோடிக்கணக்கான ஏக்கர்ல நடவு ஆச்சு. எங்க ஏரி நெல்லுல என்ன குணம் இருக்குன்னு இன்னும் யாரும் பார்க்கவே இல்ல, பார்க்கறதுக்குள்ள அழிஞ்சுடக் கூடாதுன்னுதான் பயமா இருக்கு.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன். இது வருஷத்துக்கு ஒரு தடவை முளைச்சு காயற செடி. கொட்டின விதை உடனே முளைக்காது, சேத்துக்குள்ளயே உறங்கும், கோடை முழுக்க வெடிச்ச மண்ணுல கிடந்து மழைத் தண்ணி பட்டாத்தான் எந்திரிக்கும். அதாவது நீங்க ஏரி காஞ்ச பிறகு வழிச்சு எடுக்கப் போற மேல் வண்டல்லதான் மொத்த விதையும் இருக்கு, செடி எதுவும் கண்ணுக்குத் தெரியாத நேரத்துல வேலை நடக்கறதால, அள்ளற டிரைவருக்கு அதுல என்ன போகுதுன்னே தெரியாது. ஒரே கோடைல காலி.

இன்னொண்ணு, அந்த வண்டல எங்க விவசாயிங்கதான் வயலுக்கு ஓட்டிட்டு போவாங்க. விதையும் கூடவே போகும். வயல்ல முளைச்சா ஆரம்பத்துல பயிரா களையான்னு பிரிச்சுப் பார்க்க முடியாது, நம்ம நெல்லோட மகரந்தம் கலந்து களை நெல்லா மாறிச்சுன்னா தலைமுறைக்கும் தொல்லை. அதனால அந்த மூலைய விடறது நெல்லுக்கும் நல்லது, வயலுக்கும் நல்லது.

ஆகவே அய்யா, வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி அந்த ரெண்டு ஏக்கர அளந்து கல் நட்டு, எஸ்டிமேட்லயும் வரைபடத்துலயும் குறிக்கச் சொல்லணும். வாய்மொழியா சொன்னா கான்ட்ராக்டர் மாறினதும் மறந்துடும். ஏரி ஆழமாகறப்ப அந்த ஓரத்துல தண்ணி நிக்கற அளவு மாறாம பார்த்துக்கச் சொல்லணும், ஏன்னா இது முழங்கால் தண்ணில வளர்ற செடி, ஆழத்துல வராது. கோயம்புத்தூர்ல 1912-லேர்ந்து நெல் ஆராய்ச்சி நடக்குது, அங்கேர்ந்து ஆள் வந்து விதை எடுத்து விதைகள குளிர்ல பாதுகாத்து வைக்கற டெல்லி தேசிய மரபணு வங்கிக்கும் கொஞ்சம் அனுப்பினா நல்லது. ஆனா வங்கில இருக்குன்னு ஏரில இருக்கறத கைவிட்டுடாதீங்க, மைனஸ் 18 டிகிரில இருக்கற விதை அப்படியேதான் இருக்கும், ஏரில இருக்கறதுதான் வருஷா வருஷம் வறட்சியையும் பூச்சியையும் பார்த்து மாறிட்டு வருது. 2002 பல்லுயிர் சட்டப்படி எங்க பஞ்சாயத்து வைக்க வேண்டிய, ஊர்ல இருக்கற செடி கொடி உயிரினங்கள எழுதி வைக்கற மக்கள் பல்லுயிர் பதிவேட்டுல இதையும் ஏத்த உத்தரவு போடுங்க.

தை மாசம் கதிர் முத்தி கொட்ட ஆரம்பிக்கும், அதுக்குள்ள ஒரு அதிகாரிய அனுப்பி வச்சீங்கன்னா நாங்களே கூட வந்து இடத்த காட்டறோம். விடியக்காலைல வரச் சொல்லுங்க, வெயில் ஏறினா பாதி கொட்டிடும்.

இப்படிக்கு,
ஏரிப் பாசன விவசாயிகள்