செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: பாதி பிரியாணி பாக்கி

உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம். போன வருட அறிக்கை நாலு வரியில் முடிந்தது. என்எஃப்எல் என்ற அமெரிக்கன் ஃபுட்பால் லீகில் நம் வாஷிங்டன் அணி 4 ஆட்டம் ஜெயித்து 13 தோற்றிருந்தது, எழுத ஒன்றுமில்லை, கூட்டத்துக்கு வந்த ஏழெட்டுப் பேரும் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். இந்த வருடம் அப்படித் தப்பிக்க முடியாது.

நிர்வாக விஷயம் முதலில். 31 குடும்பங்களாக இருந்தோம், இப்போது 44. புதிதாக வந்தவர்களில் பெரும்பாலானோர் டிசம்பருக்குப் பிறகு சேர்ந்தவர்கள், எதனால் என்று எல்லாருக்கும் தெரியும், பரவாயில்லை, வரட்டும். செயற்குழு ஐந்து முறை கூடியது. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

இனி தகராறுக்கு வருகிறேன். 2023 ஜூலையில் டான் ஸ்னைடர் அணியை ஜாஷ் ஹாரிஸ் குழுவுக்கு விற்றார் அல்லவா, அடுத்த மாதமே நம் பொதுக்குழுவில் ‘முதலாளி மாறினால் அணி திருந்துமா’ என்று விவாதம் வைத்தோம். மூன்று சீசனுக்குள் ஒரு பிளேஆஃப் (சீசன் முடிவில் வரும் நாக்அவுட் சுற்று) ஆட்டமாவது ஜெயித்தால் ‘திருந்தும்’ பக்கம் ஜெயம், தோற்ற பக்கம் எல்லாருக்கும் பிரியாணி போட வேண்டும் என்று மினிட்ஸில் எழுதியும் வைத்தோம். இப்போது பிளேஆஃபில் இரண்டு ஆட்டம் ஜெயித்தாகிவிட்டது, ஆனால் பிரியாணி வந்தபாடில்லை. தீர்ப்பு சொல்லும் வேலையைச் செயற்குழு என் தலையில் கட்டிவிட்டது.

‘திருந்தாது’ பக்கத்துக்குத் தலைவர் நம் பெரியண்ணன். 1992 ஜனவரியில் கோச் ஜோ கிப்ஸ் மூன்றாவது சூப்பர் பவுலை, அதாவது லீகின் கோப்பையை, வாங்கிக்கொடுத்ததைப் பார்த்தவர், அதற்குப் பிறகு நடந்த எல்லாவற்றையும் பார்த்தவர் என்பதுதான் பிரச்சினை. “என்ன தம்பி, முதலாளியா வந்து பந்து எறியப்போறாரு?” என்பது அவர் வாதம். இதைச் சும்மா தள்ளிவிட முடியாது. இந்த லீகில் பணக்கார முதலாளி வந்து நட்சத்திரங்களை வாரி வாங்கிவிட முடியாது, எல்லா அணிக்கும் ஒரே சம்பள உச்சவரம்பு (2024-இல் 25.54 கோடி டாலர்), டிவி பணமும் சமமாகப் பிரிகிறது. தோற்றாலும் கீழ் லீகுக்குத் தள்ளமாட்டார்கள். ஸ்னைடர் 1999-இல் 80 கோடி டாலருக்கு வாங்கினார், 24 வருடத்தில் பிளேஆஃபில் ஜெயித்ததே இரண்டு ஆட்டம், விற்றபோது கிடைத்தது 605 கோடி. போகிற அன்று 6 கோடி அபராதம் போட்டார்கள், அந்த 605-இல் அது பெட்டிக்கடைச் சில்லறை. தோல்வியால் முதலாளிக்கு வலிக்கவே வலிக்காத ஒரு தொழில் இது.

ஹாரிஸ் மேரிலாந்தில் வளர்ந்து இந்த அணியையே கொண்டாடிய பையன், ஆகவே நல்லது செய்வார் என்று ‘திருந்தும்’ பக்கத்தில் சிலர் பேசினார்கள். ஸ்னைடரும் அதே மேரிலாந்துப் பையன்தான், அதே அணி ரசிகர்தான். ரசிகனாக இருந்ததுதான் அவரைக் கெடுத்தது என்றுகூட எனக்குத் தோன்றும். 2001-இல் முதல் ஐந்து ஆட்டமும் தோற்ற அணியை 8–8 வரை தூக்கிக் கொண்டுவந்த கோச் ஷாட்டன்ஹைமரை ஒரே சீசனில் அனுப்பிவிட்டார், ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் யாரிடம் என்ற சண்டையில். 2009-இல் ஹெய்ன்ஸ்வொர்த் என்ற ஆட்டக்காரருக்கு 10 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டு என்ன கிடைத்தது என்பதைச் சாப்பாட்டு நேரத்தில் பேச வேண்டாம்.

ஹாரிஸ் செய்தது என்ன? முதல் சீசனில் பார்வைக்கு ஒன்றுமே இல்லை. அக்டோபர் 31 அன்று நல்ல ஆட்டக்காரர்களான சேஸ் யங், மான்டெஸ் ஸ்வெட் இரண்டு பேரையும் டிராஃப்ட் தேர்வுகளுக்காக (டிராஃப்ட் என்பது புது ஆட்டக்காரர்களை அணிகள் முறைபோட்டுத் தேர்ந்தெடுப்பது, அதிகம் தோற்ற அணிக்கு முன்வரிசை) ஒரே நாளில் கொடுத்தார்கள், அன்று நம் வாட்ஸ்ஆப் குழுவில் வந்த வசவுகளை இங்கே எழுத முடியாது. 4–13 என்று முடிந்தது, கோச் ரிவேராவை அனுப்பினார்கள். பிறகு சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து ஆடம் பீட்டர்ஸைக் கொண்டுவந்து ஆட்டக்காரர் விஷயம் முழுவதையும் அவர் கையில் கொடுத்தார், கோச்சாக டான் குவின் வந்தார். அந்த 13 தோல்வி இருந்ததால்தான் டிராஃப்டில் இரண்டாவது இடம், அந்த இடத்தால்தான் பந்து எறியும் ஜேடன் டேனியல்ஸ். நன்றாக ஆடி இன்னும் இரண்டு மூன்று ஆட்டம் ஜெயித்திருந்தால் அவர் வேறு ஊருக்குப் போயிருப்பார். இதை முதலாளியின் சாமர்த்தியம் என்பதா, அதிர்ஷ்டம் என்பதா? அணியில் இன்றைக்கும் பந்தைப் பிடித்துக்கொண்டு ஓடும் மெக்லாரின் 2019-இல் வந்தவர், அதாவது ஸ்னைடர் காலத்து ஆள். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அப்புறம் சீசன். 12–5. நம் தீபாவளி விழா அக்டோபர் 27, ஞாயிறு, ஹாலில் ஒரு மூலையில் டிவி வைத்திருந்தோம். சிகாகோ அணி 25 வினாடி பாக்கி இருக்கும்போது டச்டவுன் போட்டு 15–12 என்று முந்தியது. குலுக்கல் பரிசு நேரமாகிவிட்டது, குழந்தைகள் வரிசையில் நிற்கிறார்கள், ‘சரி, வழக்கம்போலத்தான்’ என்று டிவியை அணைத்தது யார் என்றால் இந்த அறிக்கையை எழுதும் செயலாளர்தான். இரண்டு நிமிடம் கழித்து வெளியே பார்க்கிங்கில் காரில் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தவர்கள் கத்திய கத்தலில் குலுக்கல் சீட்டுகள் கீழே கொட்டின. டேனியல்ஸ் உயரத் தூக்கி வீசிய பந்து ஒரு கும்பலின் கைகளில் தட்டித் தெறித்து நம் நோவா பிரவுனிடம் போய் விழுந்திருக்கிறது, 18–15. விழாவுக்கு வந்திருந்த எல்லாக் குடும்பத்துக்கும் அந்தக் காட்சி நேரடியாகக் கிடைக்காமல் போனதற்கு வருத்தம் தெரிவித்துக்கொள்கிறேன். கண்டனத் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியதையும் பதிவு செய்கிறேன், நானும் கை தூக்கினேன்.

ஜனவரி 12, பொங்கல் விழா அன்று இரவு தாம்பா ஆட்டம், கடைசி உதை கம்பத்தில் பட்டு உள்ளே விழுந்து 23–20. பிளேஆஃபில் ஜெயித்து 19 வருடம் ஆகியிருந்தது. மீந்த சர்க்கரைப் பொங்கலை அந்த நேரத்தில் மறுபடி சூடுபண்ணிச் சாப்பிட்டவர்கள் பலர். அடுத்த சனிக்கிழமை 15–2 என்று வந்த டெட்ராய்ட்டை அவர்கள் ஊரிலேயே 45–31. அதற்கடுத்த வாரம் பிலடெல்பியா நம்மை 55–23 என்று துவைத்துக் காயப்போட்டது, அதைப் பற்றி இவ்வளவு போதும்.

தீர்ப்பு. மினிட்ஸில் எழுதியபடி ‘திருந்தும்’ பக்கம் ஜெயித்துவிட்டது, அதில் சந்தேகமில்லை. ஆனால் பெரியண்ணன் எழுத்தில் கொடுத்த ஆட்சேபனையையும் படித்தேன்: 2012-இலும் இப்படித்தான், மூன்று முதல் சுற்றுத் தேர்வும் ஒரு இரண்டாம் சுற்றுத் தேர்வும் கொடுத்து, டேனியல்ஸ் மாதிரியே பந்து எறியும் ராபர்ட் கிரிஃபினைக் கொண்டுவந்தோம், முதல் வருடமே 10–6, ஊரெல்லாம் அவர் சட்டை, 2013 ஜனவரியில் சியாட்டிலுக்கு எதிராக முழங்கால் போனது, அடுத்த சீசன் 3–13. அப்போது முதலாளி மாறவில்லை, ஒரு பையன்தான் மாறினான், இப்போதும் அப்படி இருந்தால்? எனக்குத் தெரிந்து வித்தியாசம் ஒன்றுதான். இப்போது முதலாளி சரியான ஆளிடம் வேலையைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கிறார், அது எத்தனை நாளைக்கு என்பது அடுத்த முறை தோற்கும்போது தெரியும். அவருடைய பிலடெல்பியா கூடைப்பந்து அணி 2011 முதல் அவர் கையில் இருக்கிறது, இன்னும் கோப்பை வரவில்லை.

ஆகவே ‘திருந்தாது’ பக்கம் பிரியாணிச் செலவில் பாதியை இந்த மாதம் கட்ட வேண்டும், மீதி 2025 சீசன் முடிந்த பிறகு. பெரியண்ணன் சம்மதித்துவிட்டார், ஆனால் மட்டன் இல்லை, சிக்கன்தான் என்கிறார். பொதுக்குழு வாக்கெடுப்புக்கு விடுகிறேன்.

டிவி ரிமோட் இனி பொருளாளரிடம் இருக்கும்.

நன்றி,
செயலாளர்